பொலி

“மாடு கத்துது, காளைக்குச் சேர்க்கணும்.” சின்னமனூர் வட்டாரத்துத் தொழுவங்களில் பாட்டியும் பேரனும் நிற்கும்போதே இந்தப் பேச்சு நடக்கும். சினை பிடித்ததா, தப்பிவிட்டதா என்று கேட்கவும் யாரும் கூசுவதில்லை. மனிதரின் சேர்க்கை என்றால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

இரண்டையும் ஒரே பாறையில் கூச்சமின்றிக் கொத்தி வைத்தவர்கள் பல்லாரிக்கு அருகே குப்கல் மலையில் இருந்திருக்கிறார்கள். 1953 வரை சென்னையோடு இருந்த சீமை அது. புதிய கற்காலத்தில் அங்கே மாடு வளர்த்தவர்கள் சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல் மேடு இன்றும் உண்டு. மலைமேல் கரும்பாறைகளில் நூற்றுக்கணக்கான உருவங்கள். நீண்ட கொம்பும் திமிலுமாகக் காளைகளே அதிகம். அவற்றோடு விறைத்த குறியுடன் நிற்கும் ஆண்கள், புணரும் ஆணும் பெண்ணும். பிற்காலத்தார் கொத்தியவையும் கலந்திருந்தாலும், பெரும்பகுதி புதிய கற்காலத்தது என்பதே ஆய்வாளர் கருத்து.

வெயிலில் கருத்த மேல்தோலைக் கல்லால் கொத்தினால் உள்ளிருந்து வெளிர் நிறம் தெரியும்; உருவம் அப்படித்தான் எழும்புகிறது. சிலவற்றை எட்டாத விளிம்பில் உடம்பை இருத்திக்கொண்டுதான் கொத்தியிருக்க முடியும். பக்கத்திலேயே சில பாறைகளில் குழிகள். அங்கே கல்லால் தட்டினால் சேகண்டி போலக் கணீரென்கிறது. 1892-லேயே ஃபாசெட் என்பவர் எழுதிய இந்த இடத்தை மறுபடி விரிவாக ஆராய்ந்து, 2004-ல் கட்டுரை வெளியிட்டார் தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின். மலையே அதிர ஒலியெழுப்பிய இடத்தில் இருக்கும் இவற்றை, ஒளித்து வைத்துப் பார்த்த படங்கள் என்று நினைக்க முடியவில்லை.

இந்தக் கூச்சமின்மை குப்கலுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008-ல் கிடைத்த தந்தப் பெண்ணுருவம் ஆறு சென்டிமீட்டர்தான். வயது 35,000 ஆண்டுக்கு மேல். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம். மார்பும் பெண்குறியும் பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோத்து அணிந்திருக்கலாம்.

இவற்றை ஆபாசம் என்று ஒதுக்குகிறவர்களுக்குத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது: பொலி. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் பொலிதான். பசுவோடு சேரும் காளையும் பொலிகாளைதான். பெருக்கம் என்ற ஒரே எண்ணம் தானியத்தையும் உடலையும் தொட்டு நிற்கிறது. குப்கலில் அதைக் கல்லில் கொத்தியிருக்கிறார்கள்.

சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் மாட்டுச் சீமைதான். ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்து பொறித்த நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்டது. கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியர் தம்பிரான் மாடுகளைத் தெய்வமாக வளர்க்கிறார்கள். கரும்பை முன்னே வைத்து, அதைத் தின்ன வரும் காளைக்குப் பட்டம் கட்டும் வழக்கத்தை 1906-ன் மதுரை கெசட்டியரே பேசுகிறது. குப்கலுக்கும் கம்பத்துக்கும் நேர்க்கோடு போட ஆதாரம் கிடையாது. ஆனால் மந்தையின் பெருக்கத்தையே வாழ்வாகக் கொண்ட மனம் இங்கே அந்நியமில்லை.

பாய்வின் எழுதியபோதே குப்கலில் குவாரிக்காரர்கள் மலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கணீரென்ற பாறைகளும் காளைகளும் அந்த மலையில்தான் இருக்கின்றன.