கோயில் பதிவேட்டில் மூன்று வரி

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சர்ச் என்று சொல்வதில்லை. கோயில்தான். புனேவுக்கு வந்த புதிதில், "ஞாயிற்றுக்கிழமை காலைல கோயிலுக்குப் போயிடுவேன்" என்று சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சேலத்துக்காரர், "நீங்க கிறிஸ்டியன்னுல்ல நெனச்சேன்" என்று குழம்பிப் போனார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்தக் கோயிலின் பீரோவில் இருக்கும் சில பழைய நோட்டுகளைப் பற்றி. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. பிறந்தால் ஒன்றில், கட்டினால் இன்னொன்றில், போனால் மூன்றாவதில். நம் குடும்பங்களின் நூற்றைம்பது வருடக் கதை இந்த மூன்று நோட்டுக்குள் அடங்கிவிடுகிறது என்று 2022-ல்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா 2021 மே 25-ந் தேதி ஊரில் இறந்தார். கொரோனா இரண்டாம் அலை. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. நான் புனேயில். தம்பி போனில் வீடியோ காட்டினான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஐயர் ஜெபம் பண்ணுகிறார், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மண் போடும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த அடக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

அடுத்த வருடம் அப்பாவின் வங்கிக் கணக்கு, நிலம் சம்பந்தமாகக் காகிதங்கள் தேவைப்பட்டன. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். அடக்கப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வாங்கப் போனேன். கோயில் பிள்ளை பீரோவைத் திறந்து, "பாத்து எடுங்க, பழசெல்லாம் பொடியுது" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார்.

அப்பாவின் வரி இருந்தது. பெயர், ஊர், வயது 79, காரணம் கொரோனா, அடக்கம் செய்தவர் கையெழுத்து. எத்தனை பேர் வந்தார்கள், யார் வரவில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வயதில் ஒரு தப்பு இருந்தது. அப்பாவுக்கு 80 முடிந்துவிட்டது. இது எங்கள் வீட்டில் பழைய வேடிக்கை. அப்பா பிறந்தது 1941 மே 3. ஞானஸ்நானம் ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து எழுதியவர் கட்டம் மாறி, ஜூன் 15-ஐப் பிறந்த தேதியாக்கிவிட்டார். அப்பா தபால் இலாகாவில் ஒரு மாதம் கூடுதலாக வேலை பார்த்து ஓய்வு பெற்றது அதனால்தான். வருடத்துக்கு இரண்டு பிறந்த நாள். இரண்டு நாளும் அம்மா பாயசம் வைப்பாள். கடைசியில் ஆதார் அட்டை வழியாக அந்தத் தப்பு அடக்கப் பதிவேட்டுக்கும் வந்துவிட்டது. சரியான தேதி அதே பீரோவில், இரண்டு அடி தள்ளி, 1941-ன் நோட்டில் இருக்கிறது!

இந்தக் கட்டங்களுக்கே ஒரு சரித்திரம் உண்டு. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டம் போட்டு அச்சடித்த படிவத்தை இங்கிலாந்துக் கோயில்களில் கட்டாயமாக்கியது 1812-ல் வந்த ஒரு சட்டம். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் போன இடமெல்லாம் அதே மாதிரிக் கட்டங்களும் போயின. அதற்கும் முன்னாலேயே பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதப்பட்ட சபைப் பட்டியல் ஒன்று உண்டு. மொத்தம் 40 பேர். அதில் இருப்பவர்களில் ஒருவர் குளோரிந்தா. பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்கிறார் என்பதற்காக ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்து, அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். அந்த அம்மாள் முயற்சியில் 1785-ல் எழும்பிய கோயிலை இன்றைக்கும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

சாதாரணக் குடியானவனின் பெயர் அந்தக் காலத்தில் எங்கே எழுதப்பட்டது? பெரும்பாலும் நிலம் இருந்தால் வரிக்கணக்கில், கடன் இருந்தால் பத்திரத்தில். இரண்டும் இல்லாத பனைத்தொழிலாளியின் பெயரும், அவன் பெண்டாட்டி பெயரும், ஆறு நாள் மட்டும் உயிரோடிருந்த அவன் குழந்தையின் பெயரும் எழுதப்பட்டது இந்த நோட்டுகளில். ஞானமுத்து, வேதமுத்து, மாசிலாமணி, ஞானப்பூ, அன்னபாக்கியம் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். பூட்டன் பனைத்தொழில். தாத்தா உபாத்தியாயர். அப்பா தபால் எழுத்தர். தேரிக்காட்டிலிருந்து மிஷன் பள்ளிக்கூடம், அங்கிருந்து சர்க்கார் உத்தியோகம், அங்கிருந்து ரயிலேறிப் பம்பாய், புனே, டெல்லி. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான். எங்கள் குடும்பத்தில் அது மூன்று வார்த்தையில் முடிந்துவிட்டது.

சும்மா புரட்டிக்கொண்டே போனதில்தான் 1918 வந்தது.

அந்த வருடம் ஜூன் மாதம் பம்பாயில் விஷக் காய்ச்சல் தொடங்கியது. உலகமெல்லாம் ஸ்பானிஷ் காய்ச்சல் என்றார்கள், இங்கே பம்பாய்க் காய்ச்சல். செப்டம்பரில் இரண்டாவது முறை திரும்பி வந்தபோதுதான் கொத்துக் கொத்தாக அள்ளியது. மழையும் பொய்த்து, தானிய விலையும் ஏறிக் கிடந்த வருடம். இந்தியாவில் செத்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாது என்றே பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. 1911-க்கும் 1921-க்கும் இடையில் மட்டும்தான் இந்த நாட்டின் ஜனத்தொகை ஏறாமல் கொஞ்சம் இறங்கியது. கிழவர்களைவிட இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை, அதிலும் பெண்களை, அந்தக் காய்ச்சல் அதிகமாகக் கொண்டுபோனது.

எங்கள் கோயில் நோட்டில் வழக்கமாக மாதத்துக்கு ஒன்று, இரண்டு அடக்கம் இருக்கும். 1918 அக்டோபர், நவம்பருக்கு மட்டும் நாலு பக்கம். காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் காய்ச்சல். அதற்குக் கீழே எழுதியவர் கை வலித்தோ என்னவோ, பக்கம் முழுக்க இரட்டைக் குறி மட்டும்.

அதில் பூட்டன் பெயர் தென்பட்டது. பூட்டன் இறந்தது அதற்கு ரொம்பப் பிறகு. அருகில் போய்ப் படித்தேன். அக்டோபர் 29: இன்னாருடைய மகன், வயது 1. நவம்பர் 2: இன்னாருடைய மகள், வயது 11. நவம்பர் 7: இன்னாருடைய மனைவி, வயது 28.

மனைவியா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தாவின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். பெரியாச்சி. 1979-ல் நான் எட்டு வயதில் அவர் கட்டிலுக்குக் கீழே கருப்பட்டி தேடியிருக்கிறேன்.

திருமணப் பதிவேட்டை எடுத்தேன். 1920 ஜனவரி. மாப்பிள்ளை, நிலை: மனைவியை இழந்தவர். பெண்ணின் பெயர் பெரியாச்சி பெயர். பின்னுக்குப் போனேன். 1906. அங்கே இன்னொரு பெண். வயது 15. (1872-ம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் பெண்ணுக்கு 13 தாண்டியிருந்தால் போதும். 1929-ல் சாரதா சட்டம் வந்துதான் அது 14 ஆனது.) மாப்பிள்ளை கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் அந்தப் பெண் தன் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உட்கார வைத்து எழுதியிருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் பெண்கள் கையெழுத்துப் போட்டது அதிசயமில்லை. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் லேஸ் பின்னலும் தொடங்கியவர். அது போன்ற மிஷன் பள்ளிகள் பல ஊர்களில் இருந்தன. பனையேறியின் மகள் நாலு எழுத்துப் படித்து, பனையேறிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவ்வளவுதான் என்னால் ஊகிக்க முடிந்தது. போட்டோ கிடையாது. கல்லறையில் கல் கிடையாது. அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

வெளியே வந்து மெஞ்ஞானபுரத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஏல, அது ஒனக்குத் தெரியாதா? எங்கப்பாவப் பெத்தவுக அந்தக் காய்ச்சல்ல போயிட்டாவல்லா. பெரியாச்சி ரெண்டாந்தாரமா வந்தவுக. பெத்த புள்ள மாதிரி வளத்தாவ. அவுக மனசு நோகக் கூடாதுன்னு அப்பா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாவ. பொறவு எங்களுக்கும் பழகிப் போச்சு."

"பேரு தெரியுமா அத்தை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேட்டதே இல்லையே மக்கா" என்றார்.

அப்போதுதான் தாத்தாவின் ஒரு பழக்கம் ஞாபகம் வந்தது. நவம்பர் முதல் ஞாயிறு அன்று காணிக்கைப் பையில் மூன்று நாணயம் போடுவார். ஒவ்வொன்றாக, சத்தம் கேட்கிற மாதிரி. நான் ஒருமுறை, "எனக்கு ஒண்ணு குடுங்க தாத்தா, நான் போடுதேன்" என்று கேட்டேன். மற்ற ஞாயிறுகளில் கொடுப்பவர் அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கருமித்தனம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு, ஐயர் பிரசங்கம் முடியும் வரை அவர் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். 1918-ல் அவருக்கு எட்டு வயது. காய்ச்சல் வீட்டுப் பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப் போயிருப்பார்களோ, மாட்டார்களோ.

புனேவுக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் புனே தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மராத்தி ஆராதனை முடிந்த பிறகு அதே இடத்தில் நாங்கள் கூடுகிறோம். ஊரில் தென்னிந்தியத் திருச்சபை, இங்கே வட இந்தியத் திருச்சபை. முன்னது 1947-ல் பிறந்தது, பின்னது 1970-ல். ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஊரிலிருந்து வந்த ஒரு முருங்கைக்காய்க் கட்டு இங்கே 700 ரூபாய்க்குப் போகும். ஒரு வருடம் ஏலம் போட வைத்த சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பலிபீடத்தின் மேலேயே ஏறி நின்றது. அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவரே வேறு வழியில்லாமல் 1,200 ரூபாய்க்கு எடுத்து, ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எங்கள் பதிவேடு ஒரு நீள நோட்டு. ஒரு மழைக்காலத்தில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, 1994 முதல் 2005 வரை எழுதியதெல்லாம் நீல மைக் குளமாகிவிட்டது. என் மகளின் ஞானஸ்நானமும் அதில்தான் இருந்தது. "சர்டிபிகேட் வீட்டுல இருக்குல்ல, விடுங்க" என்று அப்போது நானே சொன்னேன். இப்போது அந்த வார்த்தை குத்தியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்கு வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அதனால் கோயில் நோட்டு இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சர்க்காருக்கு வேண்டாமாக இருக்கலாம்.

கமிட்டியில் பேசினேன். நாலு பேர் சேர்ந்து பழைய குடும்பங்களைத் தேடி ஆரம்பித்தோம். பெங்களூருக்கு மாறியவர்கள், மஸ்கட் போனவர்கள், ஊருக்கே திரும்பியவர்கள். போன், வாட்ஸப், போட்டோவுக்குப் பின்னால் எழுதிய தேதி, சர்டிபிகேட் நகல். எட்டு மாதத்தில் 61 பெயர்கள் தேறின. ஒரு அம்மா மூன்று நாள் இருந்து இறந்த தன் பையனின் பெயரைச் சொல்லிவிட்டு, "அதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதினோம்.

ஊரில் அப்பாவின் வயதைத் திருத்தச் சொல்லிக் கேட்டபோது ஐயர், "அடிச்சுத் திருத்தக் கூடாது, ஓரத்துல குறிப்பு எழுதுறேன்" என்று சிவப்பு மையில் 80 என்று எழுதிக் கையெழுத்திட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ மே மாசம் மட்டும் பாயசம் வச்சா போதும்" என்றாள். ஆனால் ஜூன் 15-க்கும் வைத்தாள்.

எங்கள் வீட்டுப் பைபிளின் முன்பக்கத்தில் தாத்தா கையால் எழுதிய குடும்ப வரிசை இருக்கிறது. பூட்டன் பெயரும் பக்கத்தில் பெரியாச்சி பெயரும். பெரியாச்சி பெயருக்கு மேலே ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஏன் அந்த வெற்றிடம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. போன நவம்பர் முதல் ஞாயிறு, கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், என் மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதச் சொன்னேன். தமிழில்தான். புனேயில் வளர்ந்த பிள்ளை, ஒவ்வொரு எழுத்தாக, தனித்தனியாக உட்கார வைத்து எழுதினாள்.