ஹேல்–பாப் வால்வெள்ளி

ஹேல்–பாப் என்பது 1996, 1997 ஆம் ஆண்டுகளில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த ஒளிமிக்க வால்வெள்ளி. இதன் முறையான பெயர் சி/1995 ஓ1. ஏறத்தாழ 18 மாதங்கள் கருவியின் துணையின்றியே காண முடிந்ததால் இருபதாம் நூற்றாண்டில் மிகப் பலர் பார்த்த வால்வெள்ளிகளுள் ஒன்றாயிற்று. இதற்கு முன் 1811 ஆம் ஆண்டின் பெரும் வால்வெள்ளி சுமார் ஒன்பது மாதங்கள் தெரிந்ததே நீண்ட காலமாகக் கருதப்பட்டது.

பொதுவாக ஒரு வால்வெள்ளி பூமியை நெருங்கி வந்தாலோ சூரியனை ஒட்டிச் சென்றாலோதான் பெரிதாக ஒளிரும். 1996 மார்ச்சில் கண்ணைக் கவர்ந்த ஹ்யாகுடாகே வால்வெள்ளி பூமியிலிருந்து சுமார் 1.5 கோடி கி.மீ. தொலைவில் கடந்தது. ஹேல்–பாப் பூமிக்கு மிக அருகில் வந்தபோதுகூட 19 கோடி கி.மீ.க்கு அப்பால், அதாவது சூரியனைவிடத் தொலைவில் இருந்தது. அப்படியும் அது பிரகாசித்ததற்குக் காரணம் அதன் கருவின் அளவு. ஹாலி வால்வெள்ளியின் கரு ஏறத்தாழ 15 கி.மீ. நீளமுள்ளது; ஹேல்–பாப்பின் கரு 40 முதல் 80 கி.மீ. வரை குறுக்களவு கொண்டதாக மதிப்பிடப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1995 ஜூலை 23 இரவு அமெரிக்காவில் இருவர் தனித்தனியே இதைக் கண்டனர். நியூ மெக்சிகோவில் வால்வெள்ளிகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆலன் ஹேல், மற்றொரு வால்வெள்ளி மேலெழும்வரை காத்திருந்த நேரத்தில் தனுசு மண்டலத்திலுள்ள எம்70 என்ற விண்மீன் கொத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். கொத்தின் அருகே மங்கலான புகைத்திட்டு ஒன்று தெரிந்தது. அதே இரவில் அரிசோனாவில் தாமஸ் பாப் நண்பரின் தொலைநோக்கி வழியே அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொந்தத் தொலைநோக்கி இல்லை. ஹேல் மின்னஞ்சலிலும் பாப் தந்தியிலும் செய்தி அனுப்பினர். வால்வெள்ளிக்கு இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

அப்போது அது வியாழனின் சுற்றுப்பாதைக்கும் அப்பால், சூரியனிலிருந்து சுமார் 107 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அதே தொலைவில் ஹாலி வால்வெள்ளி இதைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கலாக இருந்திருக்கிறது. பின்னர் பழைய படங்களைத் தேடியபோது 1993 ஏப்ரலில் எடுத்த ஒரு படத்திலும் இது பதிவாகியிருந்தது தெரியவந்தது.

வானில் காட்சி

1996 மே மாதத்தில் இருண்ட வானில் வெறும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1997 பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் விடியலுக்கு முன் வடகிழக்கில் தெரிந்தது. மார்ச் இறுதியில் ஆந்திரமேடா மண்டலத்துக்கு வந்தபோது வடகோளத்தின் உயர் அட்சரேகைகளில் மாலை, அதிகாலை என இருவேளையும் காண முடிந்தது. சூரியனுக்கு மிக அருகில், சுமார் 13.7 கோடி கி.மீ. தொலைவில், ஏப்ரல் 1 அன்று கடந்தது. அந்நாள்களில் இரவு வானின் விண்மீன்களில் சிரியஸ் தவிர வேறெதுவும் அதற்கு ஈடாக ஒளிரவில்லை. விளக்கொளி மிகுந்த நகரங்களிலிருந்தும் அதைக் காண முடிந்தது.

வடக்கே வெகுதூரம் ஏறியிருந்ததால் தென்னிந்தியா போன்ற தாழ் அட்சரேகைப் பகுதிகளில் அது வடமேற்கு அடிவானத்தை ஒட்டியே தெரிந்தது. ஏப்ரலில் பெர்சியஸ் மண்டலத்தைக் கடந்து ரிஷபத்தை நோக்கி இறங்கியபோது மாலைக் காட்சி மேம்பட்டது. மார்ச் 24 முழுநிலவு விலகிய பின், ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை நிலவொளி குறுக்கிடாத மாலைகள் கிடைத்தன. அதற்கு முன், மார்ச் 9 அன்று மங்கோலியாவிலும் சைபீரியாவிலும் முழுச் சூரிய கிரகணத்தின்போது பகல் வானிலும் வால்வெள்ளி தென்பட்டது. மே மாதத்துக்குப் பின் தென்கோளத்தவரின் காட்சியாகி, ஆண்டு இறுதியில் கண்ணிலிருந்து மறைந்தது.

வால்களும் தலைப்பகுதியும்

இரண்டு வால்கள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தது இதன் சிறப்பு. தூசி வால் சூரிய ஒளியைச் சிதறடித்து வெளிர்மஞ்சளாக, அகன்று வளைந்திருந்தது. வாயு அயனிகளால் ஆன வால் நீல நிறத்தில், சூரியக் காற்றால் தள்ளப்பட்டு, சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீண்டது. தூசி வால் எளிதில் கண்ணுக்குப் பட்டது. நீல வாலைப் பார்க்க இருண்ட வானமோ இருகண் நோக்கியோ உதவின. முக்காலியில் பொருத்திய சாதாரணக் கேமராவில் சில விநாடிகள் ஒளிபடச் செய்தாலே இரண்டும் படத்தில் பதிந்தன. சிறு தொலைநோக்கி வழியே தலைப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வளைகோடுகள் தெரிந்தன. கரு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றும்போது, அதிலிருந்து பீறிடும் தூசி இவ்வாறு அடுக்கடுக்காக விரிந்தது.

1997 ஏப்ரலில் லா பால்மா தீவிலுள்ள வானாய்வகத்தில் மூன்றாவது வால் ஒன்றும் கண்டறியப்பட்டது. மின்னூட்டமற்ற சோடிய அணுக்களால் ஆன அது சுமார் 5 கோடி கி.மீ. நீளமிருந்தது, தக்க வடிகட்டி இன்றிக் காண முடியாதது.

அறிவியல் முடிவுகள்

ஹேல்–பாப்பின் பனியில் கனநீரின் விகிதம் பூமியின் பெருங்கடல்களில் உள்ளதைப்போல ஏறக்குறைய இருமடங்கு என அளவிடப்பட்டது. ஹாலி, ஹ்யாகுடாகே ஆகியவற்றிலும் இதுபோன்ற அளவே கிடைத்ததால், கடல்நீர் முழுதும் இவ்வகை வால்வெள்ளிகளிலிருந்து வந்திருக்க முடியாது என்ற வாதம் வலுப்பெற்றது.

வதந்தி

1996 நவம்பரில் அமெரிக்காவில் ஒருவர், தாம் எடுத்த படத்தில் வால்வெள்ளிக்குப் பின்னால் மர்மப் பொருள் ஒன்று வருவதாகச் சொன்னார். அது பின்னணியிலிருந்த சாதாரண விண்மீன் என வானியலாளர்கள் உடனே காட்டினர். ஆயினும் வால்வெள்ளியைத் தொடர்ந்து விண்கலம் வருகிறது என்ற நம்பிக்கை பரவியது. 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு சமயக் குழுவைச் சேர்ந்த 39 பேர் அதை நம்பி உயிரை மாய்த்துக்கொண்டனர்.

சுற்றுப்பாதை

முந்தைய வருகை சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும். 1996 ஏப்ரலில் வியாழனுக்குச் சுமார் 11.5 கோடி கி.மீ. தொலைவில் கடந்தபோது அதன் ஈர்ப்பு பாதையைச் சுருக்கியது. அடுத்த வருகை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்குப் பின் இருக்கும். 2007 இல் சூரியனிலிருந்து 380 கோடி கி.மீ.க்கும் அப்பால் சென்றபோதும் அதன் கருவிலிருந்து பொருள்கள் வெளியேறிக்கொண்டிருந்தது பதிவாகியுள்ளது.