ஹாஜிகளின் கைப்பணமும் நாணயமாற்று வட்டமும்

ஒரு நாட்டு நாணயத்தைக் கொடுத்து மற்றொரு நாட்டு நாணயத்தை வாங்குகையில் இடையே கழிந்துபோகும் தொகைக்கு நம் முன்னோர் 'வட்டம்' என்று பெயரிட்டிருந்தனர். வட்டி வேறு, வட்டம் வேறு. காசுக்கடையில் அமர்ந்து நாணயத்தின் எடையையும் மாற்றையும் ஆராய்ந்து சொல்பவன் நோட்டக்காரன். அவனையொத்தவனை அரபியில் 'ஸர்ராஃப்' என்பர். நம் பக்கத்துப் பழைய வழக்கான 'சராப்' என்பது அச்சொல்லின் திரிபே. மார்க்கச் சட்ட நூல்களில் நாணயமாற்றுக்கென்றே 'ஸர்ஃபு' எனும் தனிப்பாடம் உண்டென்பதை மதரஸாவில் ஓதியோர் அறிவர்.

கடல் கடந்து செல்வோர் எல்லார்க்கும் இக்கழிவு உண்டு. எனினும், ஆயுள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையோடு ஒரே முறை புறப்படும் ஹஜ் பயணிக்கே அது மிகுதியும் உறைக்கும். அவர் மடியிலிருந்த பணம் எத்தனை வடிவம் மாறிற்று, ஒவ்வொரு மாற்றத்திலும் வட்டம் யார் தலையில் விழுந்தது என்பது நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையிலிருந்து அக்காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், மதுரையில் ரயிலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து பம்பாய் சென்று, மொகல் லைன் கப்பலில் ஜித்தா நோக்கிப் பயணமாவார். அவர் இடுப்பு வாரில் இருந்தது இந்திய ரூபாய். அதனை அன்று அரபு நாட்டார் அந்நியப் பொருளாகக் கருதவில்லை. குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய் முதலிய வளைகுடாப் பகுதிகளில் கடைவீதிப் பணமே நம் ரூபாய்தான். ஹிஜாஸில் ரியால் வழங்கியபோதிலும், 1935இல், அதாவது ஹிஜ்ரி 1354இல், வெளிவந்த ஸஊதி வெள்ளி ரியால் நம் வெள்ளி ரூபாயின் அளவையொட்டியே, ஏறத்தாழ 11.6 கிராம் எடையில் வார்க்கப்பட்டது.

இந்த வெள்ளி ரியால் ஹாஜிக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆயிரம் ரியால் மாற்றினால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் வெள்ளி. இஹ்ராம் உடையில் இருப்பவர் அதனை எங்கே வைப்பார்? 1952இல் தொடங்கப்பெற்ற ஸஊதி நாணய முகமை, மறு ஆண்டே இதற்கொரு வழி கண்டது. ஹாஜிகளுக்கென 10 ரியால் மதிப்புள்ள 'ஹாஜிகள் ரசீது' என்னும் தாளை 1953இல் வெளியிட்டது. பல நாட்டுப் பயணிகளும் படித்தறியும் பொருட்டு அரபியோடு உருது, பார்சி முதலிய வேறு மொழிகளிலும் அதில் எழுதப்பட்டிருந்தது. (நம் தமிழ் அதில் இடம்பெறவில்லை.) வெள்ளியைக் கொடுத்துத் தாளை வாங்குவர், வேண்டும்போது தாளைக் கொடுத்து வெள்ளியைப் பெறுவர் என்பதே ஏற்பாடு. ஆனால் மக்கள் அத்தாளையே பணமாகக் கைமாற்றத் தொடங்கிவிட்டனர். 1954இல் ஐந்து ரியாலுக்கும் 1956இல் ஒரு ரியாலுக்கும் ரசீதுகள் வந்தன. முறையான காகித ரியால் புழக்கத்துக்கு வந்தது 1961இல்தான். காகிதப் பணத்துக்கே அந்நாட்டார் பழகியது ஹாஜியின் சுமையைக் குறைக்கப்போய் என்பது எண்ணத்தக்கது.

இந்தியாவின் பக்கம் சிக்கல் வேறு வகையினது. நம் நாட்டில் தங்க இறக்குமதிக்குத் தடை இருந்தமையால் உள்நாட்டு விலை உலக விலையைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்திருந்தது. கள்ளக்கடத்தல்காரர் ரூபாய் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக வளைகுடாவுக்குக் கொண்டுபோய்த் தங்கம் வாங்கினர். அந்நோட்டுகள் அங்குள்ள வங்கிகளை அடைந்து, அவற்றுக்கு ஈடாக ரிசர்வ் வங்கி பிரிட்டிஷ் பவுன் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணி கரைந்தது. இதைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாவில் மட்டும் செல்லும், இந்தியாவுக்குள் செல்லாத தனி நோட்டுகள் வெளிவந்தன. அவற்றின் வரிசை எண்ணுக்குமுன் 'இசட்' எழுத்து நின்றது.

தங்கம் கடத்தியவர் யாரோ; ஆயினும் கப்பலேறும் கிழவரின் ரூபாய்க்கும் அத்திருத்தத்தால் வழி அடைபட்டது. ஆகவே ஹாஜிகளுக்கெனப் பிறிதொரு வகை நோட்டு வேண்டியதாயிற்று. அதுவே 'ஹஜ் நோட்டு'. 10 ரூபாய், 100 ரூபாய் என இரண்டே வகை. வரிசை எண்ணின் முன் 'எச்.ஏ.' என்னும் எழுத்துகள்; நிறமும் வழக்கமான நோட்டினின்று வேறு. புறப்படுமுன் சாதாரண ரூபாயைக் கொடுத்து இதனைப் பெற்றுச் சென்று ஸஊதியில் ரியாலாக மாற்றிக்கொள்வர். அந்த 100 ரூபாய்த் தாளொன்று 2024 இறுதியில் லண்டன் ஏலத்தில் 56 இலட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோனது. அதைக் கையில் வைத்திருந்த ஹாஜியோ, ஜித்தாவில் அதற்கு எத்தனை ரியால் கிடைக்கும் என்பதையே எண்ணியிருப்பார்.

நோட்டின் வடிவைக் காட்டிலும் பெரிய அடி 1966 ஜூன் 6ஆம் நாள் விழுந்தது. அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அக்காலத்தில் ஒரு டாலருக்கு நான்கரை ரியால். ஆயிரம் ரூபாய்க்கு முந்திய நாள் வரை ஏறத்தாழ 945 ரியால் கணக்கு; மறுநாள் 600 ரியால்தான். அவ்வாண்டு ஹஜ் ஏப்ரல் தொடக்கத்திலேயே நிறைவெய்திவிட்டது. அடிபட்டவர் மறு ஆண்டுக்கெனச் சேமித்துக்கொண்டிருந்தவர்களே. ஓர் இரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்ததை எந்தச் சராபும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் காசுக்கடையிலும் பேரம் பேசி மீட்கவும் இயலாது. வளைகுடா நாடுகளும் இதன்பின் நம் ரூபாயை முற்றிலும் கைவிட்டன. குவைத் 1961லும் பஹ்ரைன் 1965லும் தத்தம் தீனாரை வெளியிட்டிருந்தன. கத்தரும் துபாயும் 1966லேயே விலகின. ஓமன் மட்டும் 1970 வரை பொறுத்தது.

கப்பல் பயணம் 1995இல் நின்றது. பின்னர் விமானமேறிய ஹாஜிகளுக்கு இந்திய ஹஜ் குழு, புறப்படும் இடத்திலேயே 2,100 ரியாலைக் கையில் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2023ஆம் ஆண்டுக் கொள்கையில் அது கைவிடப்பட்டு, வேண்டிய அளவு தாமே மாற்றிக்கொள்ளும் பொறுப்பு பயணிகளிடம் விடப்பட்டது. ஸ்டேட் வங்கி வழியே ரியாலும் செலாவணி அட்டையும் பெற வசதி செய்யப்பட்டது. ஆகவே வட்டக்கணக்கு மீண்டும் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்திருக்கிறது.

அக்கணக்கு கடினமன்று. மாற்றும் கடையில் 'ரியால் என்ன விலை' என்று மட்டும் கேட்பது போதாது. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 24 ரூபாய்க்கு விற்று 22 ரூபாய்க்கு வாங்கும் கடையில், நடுவிலை 23 என்று கொண்டால் ரியாலுக்கு ஒரு ரூபாய் வட்டம். 2,100 ரியாலுக்கு 2,100 ரூபாய். 23 ரூபாய் 30 காசுக்கு விற்று 22 ரூபாய் 70 காசுக்கு வாங்கும் கடையில் அதுவே 630 ரூபாய்தான். 'கட்டணம் இல்லை' என்று பலகை மாட்டியுள்ள கடையும் வட்டத்தை விலைக்குள் வைத்திருக்கும். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றுவோரிடம் இக்கேள்விக்கு நேரமிராது.

சிலர் இங்கே டாலர் வாங்கி அங்கே ரியாலாக்குவர். 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்றே நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், அவ்விரண்டின் இடையே ஏற்ற இறக்கத்தால் வரும் ஆதாயம் ஏதுமில்லை. வட்டம் மட்டும் இருமுறை போகும். இரு வழிகளின் மொத்தச் செலவையும் எழுதிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

'ரூபாயை இன்று தாருங்கள், ரியாலைப் பிறகு பார்த்துக்கொள்வோம்' என்னும் தரகரிடம் ஸர்ஃபுப் பாடம் படித்தோர் தயங்குவர். இருவகை நாணயங்களை இருவரும் இசைந்த எவ்விலைக்கும் மாற்றலாம். ஆனால் அமர்ந்த அவையிலேயே இருபுறமும் கைமாற வேண்டும் என்பது விதி. கணக்கில் உடனே வரவு வைக்கப்படுவதையும் கைப்பற்றலாகவே இக்கால அறிஞர் பலர் கொள்வர். விலை ஏறியபின் தரகர் கைவிரிக்காதிருக்கவும் இவ்விதி துணை நிற்பதைக் காணலாம்.

மீதப்பட்ட ரியாலைப் பற்றியும் ஒரு சொல். நாணயக் காசுகளை இங்குள்ள கடைகள் பொதுவாக வாங்குவதில்லை. அவற்றை அங்கேயே செலவிட்டுவிடுவது நன்று. நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை கைவசம் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இசைகிறது. அதற்கு மேற்பட்டதை ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும்.