தோட்டத்துக் கால்வாய் முதல் தாமான் குழாய் வரை

வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள், கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், வாசலின் திசையையும் பார்க்கிறார்கள். தரைக்கு அடியில் என்ன குழாய் புதைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெக்கோக் போன்ற ஊர்களில், தோட்டத்தை விட்டு வந்து முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கும் குடும்பம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது. காரணம் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909-ல் முடிந்தது. பெக்கோக் அதில் ஒரு நிலையம். அந்தக் காலத்தில் மலாயா எங்கும் காடு அழிந்து ரப்பர் தோட்டங்கள் வந்தன. கப்பலில் தமிழர்கள் வந்தார்கள். வந்தவர்களை மலேரியா கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது.

1901-ல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைவதைக் கண்டார். அதே வைத்தியம் மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பிய கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். காட்டை வெட்டி, கால்வாயைத் துப்புரவாக வைத்தால், அந்தக் கொசுவுக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி! அதனால் வாட்சன் ஓடையையே மண்ணுக்குள் அனுப்பினார். பள்ளத்தின் அடியில் சுட்ட மண் குழாய்களை வரிசையாக வைத்து மூடினார். குழாய்களின் இடுக்கில் பூச்சு கிடையாது. ஊற்று நீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கிப் போய்விடும். மேலே தண்ணீர் தேங்காது, கொசுவுக்கும் இடமில்லை. 1911-ல் சிங்கப்பூரும் அவருடைய ஆலோசனைப்படி இந்த முறையைக் கையாண்டது.

நம் மக்களின் உயிரைக் காத்த குழாய் அது. ஆனால் அதே குழாயைக் கழிவுநீருக்குப் போட்டால் ஊரே நோயில் விழும். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு சொட்டு நீரையும் உள்ளே விடக்கூடாது, வெளியேயும் விடக்கூடாது. லண்டனில் ஹென்றி டவுல்டன் 1846-ல் உப்பு மெருகேற்றிய களிமண் குழாய்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது அவற்றுக்குக் கிராக்கி ஏற்பட்டது இதனால்தான். அவை நீரை உறிஞ்சுவதில்லை, அமிலமும் அரிப்பதில்லை.

அமிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் கழிவுநீர் மெதுவாக ஓடினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்பும். குழாயின் மேல்சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கிவிடும். சிமெண்டுக் குழாய் அதில் உள்ளிருந்தே கரையும். மழைநீருக்கு உகந்த சிமெண்டுக் குழாயைக் கழிவுநீருக்குத் தகுந்த பூச்சில்லாமல் பயன்படுத்துவது இதனால்தான் ஆபத்து. பிளாஸ்டிக் குழாயை அமிலம் தொடாது. ஆனால் சுற்றியுள்ள மண்ணை நன்றாகக் கெட்டிக்காவிட்டால், மேலே லாரி ஓடும்போது நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். பள்ளத்தை மூடிய பிறகு இதை யார் பார்க்கிறார்கள்?

சட்டங்களும் படிப்படியாகத்தான் வந்தன. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-ல் வந்தது. 1993-ல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் அந்தப் பொறுப்பை ஊராட்சி மன்றங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது இன்று ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது.

மழைநீரின் கதை வேறு. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 1975-ஆம் ஆண்டு வழிகாட்டி, பெய்த நீரைச் சீக்கிரம் வெளியேற்று என்றது. மேட்டில் இருப்பவர் தள்ளிய நீர் பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் புகுந்தது. 2001 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய கையேடு அதைத் தலைகீழாக்கியது: கட்டுமானத்துக்கு முன் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் நீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக்கூடாது, மிச்சத்தை அங்கேயே குளத்திலோ தொட்டியிலோ தேக்கி மெல்ல விட வேண்டும். ஆகவே பெரிய குழாய் போட்டிருக்கிறோம் என்று மேம்பாட்டாளர் பெருமை பேசினால், நீரை எங்கே தேக்குகிறீர்கள் என்று கேளுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறியதையும், 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மீண்டும் மூழ்கியதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும். அந்த அளவு வெள்ளத்தை ஒரு தாமானின் குழாய் தடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் சாதாரண மாலை மழைக்கே கழிப்பறையில் நீர் எதிர்த்து வருகிறதென்றால் அதற்கு ஆண்டவன் பொறுப்பல்ல.

2007 ஏப்ரலுக்குப் பிறகு, வீடு குடியிருக்கத் தகுதியானது என்று சான்றளிப்பவர் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர். வடிகாலுக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் படிவங்களில் கையெழுத்து உண்டு. அவற்றின் நகலையும், புதைத்த குழாய்களின் வரைபடத்தையும் சாவி வாங்கும்போதே கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை உள்ள இணைப்பு உங்கள் பொறுப்பு. வீடு கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.