பிரவுன் சட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நகர மன்றம், பள்ளி வாரியம் முதலிய உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் முன்னிலையிலேயே கூடி முடிவெடுக்க வேண்டும் என விதிக்கும் இச்சட்டம், சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் எம். பிரவுன் முன்மொழிய, 1953இல் இயற்றப்பட்டது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சிநிரல், அதாவது பேசப்படவுள்ள பொருள்களின் பட்டியல், பொதுவிடத்தில் ஒட்டப்பட வேண்டும். உறுப்பினர் ஒருவர் விடுதி அறையிலிருந்து தொலைபேசி வழியே பங்கேற்றாலும் அங்கும் அதை ஒட்டி, மக்களை உள்ளே விட வேண்டும் என்ற, இன்று விந்தையாகத் தோன்றும் விதி, 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது ஆளுநர் ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டு, 2021, 2022ஆம் ஆண்டுகளின் திருத்தங்களால் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. பிரவுன் சட்டத்தின் துணையெனத்தக்க பொது ஆவணச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் அதன் பிரிவு எண்கள் மாறினவேயன்றி உள்ளடக்கம் மாறவில்லை.