எடின்பரோ வழியே வந்த தாளம்: ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் ஸ்காட்லாந்தின் போஸ்ட் பங்க் மரபும்

2004 பிப்ரவரியில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற கிளாஸ்கோ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தபோது, அதற்கு முன்னோடியாக அடிக்கடி சுட்டப்பட்டது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கேங் ஆஃப் ஃபோர். நறுக்கென்று வெட்டும் கிதார், விறைப்பான தாளம் என்று ஒற்றுமைகள் காதுக்கு உடனே எட்டுகின்றன. ஆனால் அந்த ஒப்பீடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் நேராகக் கைக்கொண்ட மரபு, பங்குக்குப் பின் எழுந்த போஸ்ட் பங்க், 1979க்கும் 1981க்கும் இடையே கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் உருவானது.

லீட்ஸ் தடமே எடின்பரோவுக்குத்தான் இட்டுச்செல்கிறது. கேங் ஆஃப் ஃபோரின் முதல் இசைத்தட்டான ‘டேமேஜ்ட் குட்ஸ்’ஐ 1978இல் வெளியிட்டது, எடின்பரோவில் பாப் லாஸ்ட் நடத்திய ஃபாஸ்ட் புராடக்ட் என்ற சிறு நிறுவனம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கிளாஷ் என்ற பங்க் குழுவின் ‘ஒயிட் ரயட்’ இசைப் பயணம் அந்நகரின் பிளேஹவுஸ் அரங்குக்கு வந்தது. உடன் வந்த சப்வே செக்ட் குழுவின் ஒட்டாத, கரகரத்த வாசிப்புதான் உள்ளூர் இளைஞர் பலரை ஆழமாகத் தைத்தது. எடின்பரோவின் ஜோசப் கே, கிளாஸ்கோவின் ஆரஞ்ச் ஜூஸ் ஆகிய குழுக்களில் அதன் சாயலைத் தெளிவாகக் கேட்கலாம்.

கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் தொடங்கிய போஸ்ட்கார்டு நிறுவனம் 1980இல் ஆரஞ்ச் ஜூஸின் முதல் தட்டை வெளியிட்டது. ‘இளம் ஸ்காட்லாந்தின் ஒலி’ என்பது அதன் முழக்கம். ‘இளம் அமெரிக்காவின் ஒலி’ என்று தன்னை அறிவித்துக்கொண்ட மோடவுன் நிறுவனத்தின் வாசகத்தை வேண்டுமென்றே திருப்பிப்போட்டது அது. நமது வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பங்க் ரசிகர்களில் பலர் டிஸ்கோவை வெறுத்த காலத்தில், ஆரஞ்ச் ஜூஸின் பாடகர் எட்வின் காலின்ஸ், சிக் என்ற டிஸ்கோ குழுவின் தாளக் கிதாரைக் காதலோடு கற்றுக்கொண்டார். கறுப்பின அமெரிக்க நடன இசையும் பங்கின் முரட்டுக் கைவாகும் ஒரே கிதாரில் சேர்ந்தன.

ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் ‘டேக் மீ அவுட்’ பாடலைக் கேட்டால் இந்தச் சேர்க்கை விளங்கும். முதல் நிமிடம் பரபரவென்று ஓடும் பாட்டு திடீரென வேகம் குறைந்து, கனத்த காலடித் தாளத்துக்கு மாறுகிறது. அந்தத் தளர்ச்சியில்தான் கூட்டம் ஆடத் தொடங்குகிறது. கிதார் அங்கே முரசின் வேலையைச் செய்கிறது. 2004 ஜனவரியில் இப்பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது.

இந்த மரபுக்குப் பட்ட கடனை ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் மறைக்கவில்லை. 1981இல் கலைந்துபோன எடின்பரோவின் ஃபயர் என்ஜின்ஸ் குழு 2004இல் மீண்டும் கூடியபோது, இரு குழுக்களும் ஒரே தட்டில் பாடல்களை மாற்றிக்கொண்டன. இளையவர்கள் ‘கெட் அப் அண்ட் யூஸ் மீ’யை வாசித்தார்கள்; மூத்தவர்கள் இளையவர்களின் ‘ஜாக்குலின்’ பாடலை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை வெளியிட்ட அதே டொமினோ நிறுவனம் ஆரஞ்ச் ஜூஸ், ஜோசப் கே குழுக்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து மீண்டும் கடைகளுக்கு அனுப்பியது.