நிழலில் பூக்கும் கோல்டன்ராட்

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொலிடாகோ பேரினத்தில் சுமார் நூறு இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வெயிலை நாடுபவை. சில மட்டும் மரநிழலில் வாழ்பவை. அந்தச் சிலவற்றைப் பிரித்தறியும் முயற்சி இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது. எந்த ஒற்றைச் சான்றும் ஒரு தாவர இனத்தை நிலைநாட்டிவிடாது, ஒரு சான்றை இன்னொன்று திருத்தும்போதுதான் அதன் எல்லை தெளிகிறது என்பதே இந்த வரலாறு தரும் பாடம். அமெரிக்காவுக்கே போகாத ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், உலர்ந்த மாதிரிகளையும் பழைய நூல்களையும் நம்பி 1753இல் வெளியான தம் நூலில் இவற்றுக்குப் பெயரிட்டார். சொலிடாகோ சீசியா அவர் வைத்த பெயர். இன்று ஒரே இனமாகக் கொள்ளப்படும் இன்னொரு செடிக்கோ, அதே நூலில் பிளெக்சிகாலிஸ், லாட்டிபோலியா என்று இரண்டு பெயர்கள் விழுந்தன.

ஹார்வர்டு தாவரவியலாளர் ஆசா கிரே இந்தச் சிக்கலை வேரிலிருந்து அவிழ்க்க முயன்றார். எந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதை முதலில் பெயரிட்டவரின் மாதிரிதான் சொல்லும். அந்த மாதிரிகளோ ஐரோப்பாவில் இருந்தன. லின்னேயஸின் தொகுப்பே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஐரோப்பாவிலுள்ள பழைய தொகுப்புகளை ஆராய்ந்து, கிரே தம் முடிவுகளை 1882இல் வெளியிட்டார். ஆனால் உலர்ந்த மாதிரி ஒட்டிய பழைய தாள் பெயரின் உரிமையைத்தான் தீர்க்கும், இனத்தின் எல்லையை அல்ல. அதற்குச் செடியையே பார்க்க வேண்டும். சீசியாவின் தண்டு உருண்டையானது; நீலம் கலந்த வெண்பூச்சு படிந்தது; இலைகள் ஒடுங்கியவை. பிளெக்சிகாலிஸின் தண்டோ கோணமுடையது, கணுவுக்குக் கணு வளைவது. இலைகள் அகன்று, கூரிய பற்களுடன் இருக்கும். இரண்டுமே இலைக்கக்கங்களில் பூக்கொத்து விடுவதால் பூவை மட்டும் பார்ப்பவர் ஏமாறக்கூடும்.

வல்லுநர்களே முரண்படும்போது இனம் என்பது வெறும் அபிப்பிராயம்தானே என்று கேட்கலாம். அப்பலாச்சிய மலைகளில் வளரும் கர்டிசி என்ற கோல்டன்ராடை ஒருசாரார் தனி இனம் என்கிறார்கள். மறுசாரார் சீசியாவின் வகை என்கிறார்கள். ஆனால் கர்டிசியின் தண்டு வரிப்பள்ளங்கள் கொண்டது என்பதில் இருசாராருக்கும் சந்தேகமில்லை. அந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு எடை தருவது என்பதில்தான் வழக்கு. மரபணுச் சோதனை இதை முடித்துவைக்கும் என்ற நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. பசுங்கணிக டி.என்.ஏ.வின் வழக்கமான அடையாளத் துண்டுகள் பல கோல்டன்ராட் இனங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பிளெக்சிகாலிஸிலேயே 18 குரோமோசோம் உள்ள செடிகளும் உண்டு, 36 உள்ளவையும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஒரே இனம் இரண்டாகிவிடும். ஆகவே ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வந்ததும் பழைய தாளையும் காட்டுச் செடியையும் கைவிட முடியாது. அந்தக் கருவியின் விடையைச் சரிபார்க்கவும் அவையே தேவைப்படுகின்றன.